இல்லாத வேலைக்கு ஒரு விலாசம்

சென்னை,
12.2.2005

அன்புள்ள அண்ணிக்கு,

பூவிழி எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்கள் சுகமும் அண்ணன் சுகமும் தெரிந்தால்தான் எனக்கு இங்கே சோறு இறங்கும். சுனாமி அலை கொண்டுவந்து கொட்டிய சேற்றையெல்லாம் உப்பளத்திலிருந்து வாரி முடித்தீர்களா? சேற்றில் நின்று நின்று உங்கள் கால் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகியிருக்கும். மஞ்சளைப் பூசிவிட்டுச் சும்மா இருக்காமல் மருந்து வாங்கிப் போடுங்கள்.

நல்ல செய்தி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு டிரஸ்ட் நடத்துகிற பெரிய ஆஸ்பத்திரி. ஐந்து மாடி. ஒன்றாம் தேதியே சேர்ந்துவிட்டேன். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் உள்ளேயே. நாலு வருஷம் படித்த படிப்பு வீண் போகவில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள். “நர்ஸ் படிப்புன்னாகூட ஊருக்குப் புரியும், இது என்னா படிப்பு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாரே, அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் ஆக்சிஜன் சம்பந்தப்பட்ட வேலைதான். நாள் முழுக்க இருக்கிறது.

ஹாஸ்டல் போனில் பேசினால் வார்டன் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆஸ்பத்திரி விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். லெட்டரே போடுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
பூவிழி


மரக்காணம்,
9.3.2005

என் செல்ல நாத்தனாருக்கு,

அண்ணி ரேணுகா எழுதுவது. நானும் உன் அண்ணனும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறோம். கால் புண் ஆறிவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் லெட்டரை உன் அண்ணன் மூன்று தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை படிக்கும்போது, “சரி சரி, கேட்டுச்சு” என்று எழுந்து வெளியே போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போனார் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதே.

உனக்கு வேலை கிடைத்ததைத் தெரு முழுக்கச் சொன்னேன். “டாக்டரா?” என்றார்கள். இல்லை. “நர்ஸா?” இல்லை. “மூச்சு விட முடியாதவங்களுக்குக் காத்து குடுக்கிற வேலை” என்றேன். வந்தது வினை. மூன்றாம் நாள் காலையில் நம்மோடு உப்பு வாரும் சின்னப்பாப்பா, தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம், கற்பூரம், வெற்றிலையோடு வாசலில் நிற்கிறாள். கூடவே அவள் மருமகள், தலையைக் குனிந்துகொண்டு.

“என்னாடி இது?” என்றேன்.

“உன் நாத்தனா காத்து பாக்கறாளாமே. என் மருமவ சுடுகாட்டு வழியா வந்த நாள்லேர்ந்து காத்து புடிச்சிக்கினு கெடக்குறா. ஊருக்கு வர்றப்ப ஒரு வாட்டி எடுத்து உடச் சொல்லு. சேவல் வேணும்னாலும் தர்றேன்.”

“அவ எடுக்கறது இல்லடி. குடுக்கறவ.”

சின்னப்பாப்பா மருமகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். “குடுக்கறாளா? ஐயய்யோ, ஏற்கெனவே புடிச்சிருக்கிற ஒண்ணையே எங்களால தாங்க முடியல!”

சிரிக்காதே. அதிலிருந்து இரண்டு பேர் நம் வீட்டு வாசலைத் தாண்டும்போது முந்தானையை இறுக்கிக்கொண்டு போகிறார்கள். உன் வேலைக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருக்குமே, அதை எழுத்துக் கூட்டி எழுதி அனுப்பு. பத்தாவது வரை படித்தவள் நான். மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


சென்னை,
4.4.2005

அன்புள்ள அண்ணிக்கு,

பூவிழியின் வணக்கம். நலமாகத்தான் இருக்கிறேன். உங்கள் லெட்டரைப் படித்துவிட்டு ரூமில் தனியாகச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாயிற்று.

வேலையின் பெயர் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். ரெஸ்-பி-ரேட்-டரி தெர-பிஸ்ட். சின்னப்பாப்பா அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள். மனிதன் தானாக மூச்சு விட முடியாமல் போனால் வென்டிலேட்டர் என்கிற மெஷின் அவனுக்காக மூச்சு விடும். அந்த மெஷின் எவ்வளவு காற்றை, எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை தடவை கொடுக்க வேண்டும் என்று பார்ப்பவர் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். நெஞ்சில் காதை வைத்தே சளி எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் பெரிய வேலை அதுவல்ல. மெஷினுக்குப் பழகிப்போன உடம்பை மெல்ல மெல்ல அதிலிருந்து விடுவித்து, மறுபடியும் தன் மூச்சைத் தானே விடப் பழக்குவதுதான் பெரிய வேலை. நல்ல தெரபிஸ்ட்டுக்கு அவசரமே இருக்காது.

வெளிநாட்டில் இந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். இங்கேயும் இனிமேல் வரும் என்பார்.

அண்ணனை வெயிலில் தொப்பி இல்லாமல் உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் கொட்டகைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்பு நாத்தனார்,
பூவிழி


மரக்காணம்,
20.5.2005

அன்பான பூவிழிக்கு,

அண்ணியின் ஆசீர்வாதம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதனால் உப்பு நன்றாக விளைகிறது. இரண்டும் சேர்ந்துதான் வரும்.

உறையைப் பார்த்தாயா? உன் பெயருக்குக் கீழே, பெயரைவிடப் பெரியதாக, “ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்” என்று எழுதியிருக்கிறேன். மூன்று தாளில் எழுதிப் பழகிவிட்டுத்தான் உறையில் எழுதினேன். நேற்று இந்தப் பக்கம் வந்த போஸ்ட்மேன் பக்தவச்சலம் அந்த வெற்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, பேரை இத்துனூண்டு எழுதிட்டு வேலையை இம்மாம் பெருசா எழுதியிருக்க?” என்றார். “பேரு அவங்க அம்மா வச்சது. வேலை அவளே சம்பாதிச்சது” என்றேன். மனுஷன் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார்.

போன வாரம் லாரிக்காரத் தேசப்பன் உப்பு லோடு ஏற்றிக்கொண்டு அங்கே வந்தானே, அவனிடம் நெத்திலிக் கருவாடும் முறுக்கும் கொடுத்தனுப்பினேன். நீ வேலையாக இருந்தாயாம். கேட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தேன் என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

இந்த லெட்டரோடு ஒரு பார்சலும் வரும். அதில் தைலம் இருக்கிறது. குளிப்பதற்கு முன்னால் தோளுக்கும் இடுப்புக்கும் நன்றாகத் தேய்த்துக்கொள். எதற்கு என்று கேட்காதே. வேலை செய்கிற உடம்பு என்றால் வலிக்கத்தான் செய்யும்.

உன் அண்ணி,
ரேணுகா


மரக்காணம்,
18.7.2005

பூவிழிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்பதுதான் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு மேலாக உன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. நடுவில் நான் போட்ட இரண்டு லெட்டருக்கும் பதில் இல்லை. பக்தவச்சலம் என்னைப் பார்த்தால் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்புகிறார்.

என்னவென்று கேட்க மாட்டேன். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு கார்டு போடு.

அண்ணி


சென்னை,
10.8.2005

அன்புள்ள அண்ணிக்கு,

பூவிழி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலைப்படாதீர்கள். மனசுதான் சரியில்லை.

நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். சொன்னதெல்லாம் உண்மைதான், சொல்லாமல் விட்டது பொய். படித்து முடித்து ஐந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லா இடத்திலும் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே பதில். “இப்படி ஒரு போஸ்ட்டே எங்ககிட்ட இல்லைம்மா. மெஷினை நர்ஸும் டாக்டரும் பாத்துக்குவாங்க.” ஒருவர் நான் நடத்துவது மசாஜ் பார்லரா என்று கேட்டார். ஆறாவதாக இங்கே வந்தேன். மேனேஜர் கண்ணாயிரம், “ஆக்சிஜன் பத்தித் தெரியும்ல? சிலிண்டர் ரூம்ல ஆள் வேணும்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

காலியான சிலிண்டர் எத்தனை, நிரம்பியது எத்தனை என்று எழுதுகிறேன். ஆள் வராத நாளில் நானே உருட்டுகிறேன். ஐ.சி.யூ. மூன்றாவது மாடியில் இருக்கிறது. கதவு வரைக்கும் சிலிண்டரைக் கொண்டுபோகலாம், உள்ளே போகக் கூடாது. கண்ணாடி வழியாக மெஷினின் எண்களைப் பார்ப்பேன். சில நாள் அழுத்தம் தப்பாக வைத்திருப்பது தெரியும். யாரிடம் சொல்வது?

வெயிலில் உப்பு வாரிக்கொண்டே என்னைப் படிக்க வைத்தீர்கள். அண்ணன் வேண்டாம் என்றபோதும் நீங்கள்தான் எனக்காகச் சண்டை போட்டீர்கள். உங்களிடம் எப்படி இதை எழுதுவேன்? அதனால்தான் பேனாவையே எடுக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் அண்ணி. உறையின் மேல் அந்தப் பெயரை எழுதாதீர்கள். ரிசப்ஷனில் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். “தெரபிஸ்ட் மேடத்துக்கு லெட்டர் வந்திருக்கு” என்று வாட்ச்மேன் கூப்பிடுகிறான். எனக்கு அங்கேயே மண்ணில் புதைந்துபோகலாம் போல இருக்கிறது.

மன்னித்துவிடுங்கள்.

பூவிழி


மரக்காணம்,
19.8.2005

என் தங்கமே பூவிழி,

நாங்கள் சுகம். நீ அழுதிருப்பாய் என்று தெரியும். முகத்தைக் கழுவிவிட்டு வந்து இதைப் படி.

எனக்கு மே மாதத்திலிருந்தே தெரியும். தேசப்பன் கேட்டில் நின்று பூவிழி என்று கேட்டதற்கு, “எந்தப் பூவிழி, சிலிண்டர் பூவிழியா?” என்றானாம் வாட்ச்மேன். நீ சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போனதையும் அவன் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூப்பிடாமல் வந்துவிட்டான். “அண்ணே கிட்ட சொல்லாத அண்ணி” என்றான். நான் சொல்லவில்லை. தைலம் வாங்கி அனுப்பினேன்.

தெரிந்தேதான் உறையில் எழுதினேன், இனிமேலும் எழுதுவேன். நீ சொன்னால் கேட்க மாட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தாக வேண்டும் இல்லையா? அந்தக் கட்டடத்தில் அந்த வேலையின் பெயரைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? நீயே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு விட்டாய்.

நீ மூட்டை தூக்கினாலும் எனக்கு ஒன்றும் கேவலமில்லை. நானே கூலிக்காரிதான். ஆனால் தெரிந்த வித்தையைத் தெரியாது என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றே எண் தப்பு என்று கண்டுபிடிக்கிறாயே, உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரிகிறதா? நீ பெரிய ஆள்தான் பூவிழி. உனக்குத்தான் அது தெரியவில்லை.

இந்த வாரமே இன்னொரு லெட்டர் போடுவேன். எழுத்து இன்னும் பெரியதாக இருக்கும்.

அண்ணி


சென்னை,
24.10.2005

அன்பான அண்ணிக்கு,

பூவிழி ஓடோடி வந்து எழுதுகிறேன். நான் மிக மிக நலம். முதலில் உங்கள் கையைக் கொடுங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் இங்கே ஐ.சி.யூ.வுக்குப் புதுப் பெரிய டாக்டர் வந்தார். டாக்டர் பாலகுரு. வெளிநாட்டில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அதிகம் பேச மாட்டார். போன திங்கட்கிழமை தன் தபாலை எடுக்க ரிசப்ஷனுக்கு வந்தவர், அங்கே கிடந்த உங்கள் உறையைப் பார்த்துவிட்டார்.

“நம்ம ஆஸ்பத்திரியில ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் இருக்காங்களா? ரெண்டு மாசமா நான் வெளியில தேடிக்கிட்டு இருக்கேன். எனக்கு ஏன் யாரும் சொல்லலை?”

ரிசப்ஷன் பெண் சிரித்திருக்கிறாள். “அது சிலிண்டர் ரூம் பொண்ணு சார். அவங்க ஊர்ல தெரியாம அப்படி எழுதறாங்க.”

அவர் சிரிக்கவில்லை. உங்கள் லெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு சிலிண்டர் ரூமுக்கு அவரே இறங்கி வந்தார். நான் முழங்கை வரை துருவும் அழுக்குமாக நின்றேன். “இது உங்களுக்கா?” என்றார். ஆமாம் என்றேன். “இதுல போட்டிருக்கறது நிஜமா?” என்றார்.

அண்ணி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். பிறகு, “நிஜம் சார். நாலு வருஷம் படிச்சிருக்கேன்” என்றேன்.

“பேஷண்ட் மெஷினோட சண்டை போடறார். அலாரம் அடிக்குது. முதல்ல எதைப் பார்ப்பீங்க?”

“பேஷண்டைத்தான் சார். மெஷினைக் கழற்றிட்டுக் கையால காத்து குடுத்துப் பாப்பேன். சரியானா தப்பு மெஷின்ல. ஆகலைன்னா தப்பு நெஞ்சில.”

“கையைக் கழுவிட்டு மேல வாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். எட்டு மாதமாக வெளியே நின்ற கதவு, அண்ணி!

ஆனால் போஸ்ட் இன்னும் இல்லை. மேனேஜர் கண்ணாயிரத்துக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாதம் சோதனைக்கு வைத்துப் பார்ப்பது, ஜனவரி 21ஆம் தேதி டிரஸ்ட் கூட்டத்தில் போஸ்ட் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது என்று பேசியிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் நான் மறுபடியும் சிலிண்டர் ரூம்தான்.

உங்கள் பூவிழி


மரக்காணம்,
22.11.2005

ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் பூவிழிக்கு,

உன் அண்ணி, காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு எழுதுவது. எல்லோரும் நலம். மழை கொட்டித் தீர்க்கிறது. உப்பளம் கடலாட்டம் கிடக்கிறது. வேலை இல்லை, அதனால் எழுத நிறைய நேரம்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிலிண்டர் கதையைக் கேட்டுக் கோபப்படுவார் என்று நினைத்தேன். “எட்டு மாசம் தனியா தாங்கிக்கினு இருந்திருக்கா பாரேன்” என்றார். இப்போது அவரும் அந்தப் பெயரைச் சொல்லப் பழகுகிறார். “தெரப்பீசு” வரைக்கும் வந்திருக்கிறார்.

கோட்டக்குப்பத்திலிருந்து உப்பு வாங்க வரும் பாய் ஒருவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் தம்பி ரியாத்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாராம். “அந்த வேலைக்கு அங்க ஆள் கிடைக்கலம்மா. விசாவைக் கையில வச்சிக்கினு தேடறாங்க” என்றார். இந்தக் கண்ணாயிரம் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதற்கு நிற்க வேண்டும்? அங்கேயே போய்விடலாமா? உன் அண்ணனுக்கு மனசில்லை. எனக்கும்தான் இல்லை. ஆனால் உன் படிப்புக்கு மதிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே நீ போக வேண்டும்.

அன்புடன்,
அண்ணி


சென்னை,
28.12.2005

அன்புள்ள அண்ணிக்கு,

பூவிழியின் அன்பு. நான் சுகமே. மழை விட்டதா? கூரை ஒழுகியதா?

ரியாத்தைப் பற்றி விசாரித்தேன். பாய் சொன்னது சரிதான். ஆனால் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். சான்றிதழில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்று போஸ்ட்டின் பெயர் இருக்க வேண்டும். இங்கே போஸ்ட் இல்லையென்றால் அங்கேயும் கதவு இல்லை. எப்படிப் பார்த்தாலும் 21ஆம் தேதிதான்.

இப்போது என் கவலையெல்லாம் சவரியம்மாள் மேல். ராயபுரத்தில் மீன் விற்கிறவர். நாற்பது வயது. திடீரென்று காலில் ஆரம்பித்து, கைக்கு ஏறி, மூச்சு விடும் தசை வரைக்கும் அசைவில்லாமல் போய்விட்டது. நரம்பில் வரும் நோய். மெல்லத் திரும்பி வரும். ஐந்து வாரமாக மெஷினில் இருக்கிறார். தொண்டைக்குழியில் குழாய், அதனால் குரல் கிடையாது. கண்ணாலேயே பேசுவார், கண்ணாலேயே திட்டுவார்.

தினமும் மெஷினைக் கழற்றி அவரைத் தானாக மூச்சு விட வைக்கிறேன். முதல் நாள் மூன்று நிமிஷம். அவர் கண்ணில் அவ்வளவு பயம். கையைப் பிடித்துக்கொண்டு நானும் அவரோடு சேர்ந்து மூச்சு விட்டேன். இப்போது இரண்டு மணி நேரம் வரை வந்திருக்கிறோம்.

இலவசப் படுக்கை என்பதால் கண்ணாயிரம் அவசரப்படுத்துகிறார். டிரஸ்ட் ஆட்கள் வரும் நாளில் சவரியம்மாள் மெஷினை விட்டு வார்டுக்குப் போயிருந்தால் போஸ்ட் நிச்சயம் என்று என்னிடமே சொல்லிவிட்டார். போய்விடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று நீங்கள் வர முடியுமா அண்ணி? எனக்குத் தைரியமாக இருக்கும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கலாம்.

பூவிழி


மரக்காணம்,
25.1.2006

பூவிழிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உன் அண்ணன் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் இந்த லெட்டரை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. அன்றைக்கு உன்னை நீ பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன்.

கண்ணாடிக்கு வெளியே சவரியம்மாளின் மகளோடு நின்றேன். உள்ளே கட்டிலைச் சுற்றி டிரஸ்ட் பெரியவர்கள் நாலு பேர், கண்ணாயிரம், டாக்டர். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீ. அத்தனை பேருக்கு நடுவில் நீ சின்னதாகத்தான் தெரிந்தாய். மெஷினைக் கழற்றிவிட்டு நீ சவரியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். கழுத்தைப் பார்த்தாய், வயிற்றைப் பார்த்தாய், ஏதோ சொல்லி இருமச் சொன்னாய். மறுபடியும் இருமச் சொன்னாய். கண்ணாயிரம் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் டாக்டர் உன்னிடம் ஏதோ கேட்டார். கேட்டுவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய டாக்டர், என் வீட்டுப் பெண் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்துக்கொண்டு நிற்கிறார்! எங்கள் உப்பளத்தில் முதலாளி ஒரு நாளும் எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குக் கண்ணாடியெல்லாம் மங்கிப்போயிற்று.

நீ தலையை ஆட்டினாய். சரி என்று இல்லை. வேண்டாம் என்று.

கண்ணாயிரம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். செல்போனில் யாரிடமோ, “சிலிண்டர் உருட்டிக்கிட்டு இருந்தவளுக்கு என்ன திமிர் பாருங்க, அவ போஸ்ட்டுக்கு அவளே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டா” என்று கத்திக்கொண்டே போனார். சவரியம்மாளின் மகள் சுவரில் சாய்ந்து அழுதாள். அம்மாவுக்கு இனிமேல் சரியாகாது என்று நினைத்துவிட்டாள்.

நீ வெளியே வந்து என்னை கேன்டீனுக்குக் கூட்டிப்போனாய். எலுமிச்சை சாதம் வாங்கிக் கொடுத்தாய். அண்ணன் தொப்பி போடுகிறாரா என்று கேட்டாய். உள்ளே நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் கை கழுவப் போனபோது ஒரு நர்ஸைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். அவள் சொன்னாள்: “அந்தம்மாவுக்கு மூச்சு நல்லாத்தான் வருது. இருமல்ல வலுவு இல்ல. சளி அடைச்சா தானா வெளியே தள்ள முடியாது. வார்டுல யாரும் பாக்காத நேரத்துல அடைச்சிக்கும். இன்னும் ஒரு வாரம் வேணும்னு பூவிழி மேடம் சொல்லிட்டாங்க.” மேடம் என்றாள், கேட்டுக்கொள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை உன் கையில். யாருக்கும் தெரியவும் போவதில்லை. அப்படியிருந்தும் வேண்டாம் என்றாய். பூவிழி, எனக்கு உன்னைவிடப் பன்னிரண்டு வயது அதிகம். இருந்தாலும் சொல்கிறேன், உன்னைப் போல் ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அங்கேயே உன்னைக் கும்பிட்டிருப்பேன். நீ கூச்சப்படுவாய் என்றுதான் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை போனால் போகட்டும். வீட்டுக்கு வா. மறுபடியும் தேடலாம்.

உன் அண்ணி,
ரேணுகா


சென்னை,
6.3.2006

அன்பும் உயிருமான அண்ணிக்கு,

பூவிழி எழுதுவது. நான் நலம். அண்ணனும் நீங்களும் நலம் என்று தேசப்பன் அண்ணன் போன வாரம் வந்து சொன்னார். இந்தத் தடவை கேட்டிலேயே நிற்காமல் உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறு வாரமாக எழுதவில்லை. இந்தத் தடவை எதையும் மறைப்பதற்காக இல்லை. முடிவு தெரியாமல் எழுத மனம் வரவில்லை.

அன்றைக்கு டிரஸ்ட் கூட்டத்தில் கண்ணாயிரம், மூன்று மாதத்தில் ஒரு பேஷண்டைக்கூட மெஷினை விட்டு எடுக்க முடியாதவருக்கு எதற்குப் போஸ்ட் என்று கேட்டிருக்கிறார். டாக்டர் பாலகுரு சொன்னதை நர்ஸ்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். “மெஷினைக் கழற்ற இங்க பத்துப் பேர் இருக்கோம். இன்னிக்குக் கழற்றாதீங்கன்னு சொல்ல ஒருத்தர்கூட இல்லாம இருந்தது. அதுக்குத்தான் ஆள் கேக்கறேன்.” பெரியவர்கள் ஒரு மாதம் கழித்து முடிவு சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

எட்டாம் நாள் சவரியம்மாள் ஒரு முழு இருமல் இருமினார். சளி தானாக வெளியே வந்தது. அன்றைக்குத்தான் மெஷினை முழுசாக எடுத்தோம். பிப்ரவரி கடைசியில் தொண்டைக்குழாயையும் எடுத்தோம். முதல் வார்த்தை என்ன பேசினார் தெரியுமா? என் கையைப் பிடித்துக்கொண்டு, கரகரத்த குரலில், “அன்னிக்கு நீ வேணாம்னு சொன்னியே, என் மனசுக்குள்ள உன்னை எப்படி வைதேன் தெரியுமா? வாய் மட்டும் இருந்திருந்தா நாறடிச்சிருப்பேன்” என்றார். நானும் அவரும் சிரித்தோம். சிரிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டேன்.

போன புதன்கிழமை ஆர்டர் வந்தது அண்ணி. எனக்கு மட்டும் இல்லை. ஐ.சி.யூ.வுக்கு மூன்று போஸ்ட். இன்னும் இரண்டு பேரை நானே பார்த்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம்.

இன்று காலையில் முதல் பெண் வந்தாள். திண்டிவனம் பக்கம் ஏதோ கிராமம். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாள். எங்கெங்கே போய் வந்தாய் என்று கேட்டேன். நாலு ஆஸ்பத்திரி என்றாள். அதற்கு மேல் நான் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. என்ன பதில் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஃபைலைத் திறப்பதற்குள் அவளே பயந்துகொண்டு கேட்டாள்.

“மேடம், நிஜமாவே இந்த வேலைக்கு இங்க போஸ்ட் இருக்குதுங்களா?”

அண்ணி, ஃபைலை மூடியபடியே மேஜைமேல் வைத்தேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, “இருக்குது. நல்லா சாய்ஞ்சி உக்காரு” என்றேன்.

உங்கள்
பூவிழி